ஜவ்வாது மலைக்கு மேல் எஞ்சியிருக்கும் இருள்

இரவின் இருட்டைப் பாதுகாக்க அரசு அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். இன்று அதுதான் நடக்கிறது. லடாக்கின் ஹான்லே பகுதியில் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம், நாட்டின் முதல் இருள்வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரத்தைப் பெற்றது. தமிழ்நாட்டிலும் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கும் திட்டத்தை மாநில வனத்துறை அறிவித்திருக்கிறது. எல்லாமே வரவேற்கத்தக்கவை. ஆனால், இந்த வரிசையில் முன்னால் நிற்க வேண்டிய ஜவ்வாது மலையைப் பற்றிய பேச்சுதான் மிகக் குறைவாகக் கேட்கிறது.

என் ஊர் ஆரணிக்கு அருகில் உள்ள தேவிகாபுரம். பெரியநாயகி அம்மன் கோயிலும் பட்டுத் தறிகளும் அடையாளமான ஊர். இங்கிருந்து மேற்கே, நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஜவ்வாது மலையின் மறுபக்கத்தில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. ஆண்டுக்குச் சில அமாவாசை இரவுகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போளூர் வழியாக மலையேறுவது என் வழக்கம். அங்கே நான் எடுப்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாத பொருள்களின் படங்கள்: நெபுலா எனப்படும் விண்முகில்கள், அவற்றிலும் மிக மங்கலானவை, மிகப் பரந்தவை.

விண்முகில் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, பெரிய தொலைநோக்கியால் நெடுந்தொலைவிலுள்ள சிறு புள்ளியைப் பெரிதாக்கி எடுத்த படம். வானின் மிகப் பெரிய விண்முகில்களுக்கு அந்த முறை உதவாது. பெருந்தொலைநோக்கிகள் பலவும் ஒரு நேரத்தில் முழுநிலவின் பரப்புக்கும் குறைவான வானத்தையே பார்க்கின்றன. ஆனால், ஓரியன் விண்மீன் குழுவைச் சுற்றி வளைந்து கிடக்கும் ‘பர்னார்டு வளையம்’ பத்துப் பாகைக்கும் மேல் நீளமானது. இருபது முழுநிலவுகளை வரிசையாக அடுக்கினாலும் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போதாது. அமெரிக்க வானியலர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு 1894இல் அதைப் படம்பிடித்து விவரித்தார். அவருக்கு அங்கே உதவியது சிறிய, அகன்ற பார்வை கொண்ட ஒரு லென்சுதான். இன்று கல்யாண வீட்டில் படம் எடுப்பவரின் பையில் கிடக்கும் 50 மி.மீ. லென்சு, ஓரியன் முழுவதையும் அந்த வளையத்தோடு சேர்த்து ஒரே சட்டகத்தில் அடக்கிவிடும்.

நம் பஞ்சாங்கம் அறிந்த விண்மீன்கள் பலவும் இத்தகைய முகில்களுக்கு நடுவிலேயே இருக்கின்றன. மிருகசீரிடம் என்று நாம் அழைக்கும் ஓரியனின் தலைப்பகுதியைச் சுற்றி, நிலவைப் போல் பத்து மடங்குக்கும் மேல் அகலமான சிவந்த வாயு வட்டம் ஒன்று உண்டு. கார்த்திகைக் கூட்டத்தைச் சூழ்ந்திருக்கும் தூசுப்படலம் விண்மீன்களின் ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்புகிறது. கேட்டையைச் சுற்றியுள்ள முகில்களில் மஞ்சளும் நீலமும் சிவப்பும் கலந்து கிடக்கின்றன. ஜாதகத்தில் இந்தப் பெயர்களை நாள்தோறும் உச்சரிக்கும் நம்மில் எத்தனை பேர் அவற்றை வானத்தில் அடையாளம் காட்டுவோம் என்பது வேறு கேள்வி.

தெற்கே திரும்பினால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அகத்தியர் விண்மீன் என்று மரபில் சொல்லப்படும் கனோபசுக்குக் கிழக்கே, வேலா, பப்பிசு விண்மீன் குழுக்களில் படர்ந்திருக்கிறது ‘கம்’ நெபுலா. ஆஸ்திரேலிய வானியலர் காலின் கம் 1950களில் இதை அடையாளம் கண்டார். இதன் அகலம் ஏறக்குறைய 36 பாகை. எழுபது முழுநிலவுகளின் வரிசை. அவ்வளவு பெரிய பொருள் தலைக்கு மேல் இருந்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை; அதன் மேற்பரப்பு ஒளி அத்தனை மங்கல். இதன் நடுப்பகுதி லண்டனில் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. ஹான்லேயில், உச்சிக்கு வரும்போதும் ஏறத்தாழ 14 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஜவ்வாது மலையில் அது 34 பாகைக்கு எழுகிறது. அடிவானத்தை ஒட்டிய ஒளி தடித்த காற்றுப்படலத்தைக் கடந்து வருவதால் மங்கிப்போகும். மங்கலான முகிலைப் பொறுத்தவரை அந்த இருபது பாகை வேறுபாடு மிகப் பெரிது. அகத்தியர் விண்மீனே ஹான்லேயில் ஐந்து பாகைக்கும் கீழ்தான். நமக்கு அது 25 பாகை உயரத்தில் நின்று காட்சி தருகிறது.

ஹான்லே கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட குளிர்ப் பாலைவனம். காற்றின் தெளிவில் காவலூர் அதோடு போட்டியிட முடியாது. காவலூரின் உயரம் 700 மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால், தென்வானத்தை ஹான்லேயால் நமக்குத் தர முடியாது. ஹான்லே இருக்கும்போது காவலூர் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த எளிய புவியியலை மறந்துவிடுகிறார்கள்.

வைணு பாப்பு அதை மறக்கவில்லை. 1960களில் அவர் தென்னிந்தியாவில் இடம் தேடியபோது ஜவ்வாது மலையைத் தேர்ந்ததற்கு, 12.5 பாகை அட்சரேகையில் வடவானமும் தென்வானமும் ஒருசேரக் கிடைக்கும் என்பது முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில் தென்வானத்தைப் பார்க்க ஓர் ஆய்வகம் இருப்பது உலகுக்கே பயன்படும் என்பது இன்னொன்று. இங்கே நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச் 10 அன்று யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்த நிகழ்வில் பங்கேற்றது. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி, அப்போது ஆசியாவிலேயே பெரியது. 1988இல் ஆர். ராஜமோகன் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். தமிழ் மண்ணிலிருந்து வானத்துக்குச் சென்ற இந்தப் பெயரைப் பாடநூலில் படித்த மாணவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

மங்கலான முகிலைப் படமாக்குவதில் கடினமான பகுதி கருவி இல்லை. பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவை மெல்லத் திருப்பும் ஒரு சிறிய சுழல்தாங்கி, சாதாரண லென்சு, சிவப்பு ஒளியைத் தடுக்கும் உள்வடிகட்டி நீக்கப்பட்ட கேமரா, இவை போதும். ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் உமிழும் ஆழ்ந்த சிவப்பைக் கடையில் வாங்கும் கேமராக்கள் பெருமளவு வெட்டிவிடுகின்றன. அதனால்தான் அந்த மாற்றம் தேவைப்படுகிறது. நம் ஊரில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. சுழல்தாங்கியின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கி நிறுத்த வேண்டும். நமக்கு அது வெறும் பன்னிரண்டரைப் பாகை உயரத்தில், மலைமுகட்டிலோ புளியமரத்திலோ மறைந்துகொண்டு கண்ணாமூச்சி காட்டும்.

இரண்டிரண்டு நிமிடங்களாக அறுபது, நூறு படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நான்கு மடங்கு படங்கள் எடுத்தால் இரைச்சலோடு ஒப்பிடுகையில் தெளிவு இரண்டு மடங்காகும். பதினாறு மடங்கு எடுத்தால் நான்கு மடங்கு. தறியில் ஊடை ஒவ்வோர் இழையாக விழுந்து புட்டா தெரியத் தொடங்குவதைப் போல, முப்பதாவது படத்தில் இல்லாத ஒரு விளிம்பு தொண்ணூறாவது படத்தில் வந்து நிற்கும். செயற்கை நுண்ணறிவு நொடியில் வரைந்து தரும் விண்வெளிப் படங்கள் கைபேசியில் வந்து குவியும் இந்நாளில் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தப் படங்களில் எந்த விண்மீனின் ஒளியும் இல்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

முகிலின் ஒளியோடு சேர்ந்து வானத்தின் பின்னணி ஒளியும் கேமராவில் விழுகிறது என்பதுதான் உண்மையான தடை. முகில் மங்கலாக இருக்கும்போது, பின்னணி பத்து மடங்கு வெளிச்சமானால், அதே தெளிவைப் பெறப் பத்து மடங்கு நேரம் படமெடுக்க வேண்டும். நல்ல இருட்டில் இரண்டு மணி நேரத்தில் கிடைப்பதற்கு, விளக்குகள் நிறைந்த நகரின் ஓரத்தில் இருபது மணி நேரம் தேவைப்படலாம். அந்த இருபது மணி நேரம் எங்கிருந்து வரும்? ஐப்பசி, கார்த்திகையில் வானம் மழைக்கு உரியது. தை முதல் சித்திரை வரை நான்கு மாதங்கள். மாதத்துக்கு நிலவில்லாத இரவுகள் பத்து என்று கொண்டால் நாற்பது. மூடுபனி, புகை, மெல்லிய மேகம் போக அதில் பாதி தேறினால் அதிர்ஷ்டம். ‘கம்’ நெபுலா கண்ணுக்கு எட்டும் உயரத்தில் நிற்பது அந்த இரவுகளிலும் சில மணி நேரந்தான். மாசி மாதச் சிவராத்திரி இதற்கு மிகப் பொருத்தமான இரவு: நிலவு இல்லை, வானம் தெளிவு, இரவு பத்து மணி வாக்கில் முகில் உச்சியில். ஊர் முழுக்க விடிய விடியச் சீரியல் விளக்கு எரியும் இரவும் அதுதான் என்பதால் மலைக்குப் போய்விடுவது நல்லது. திருவண்ணாமலை தீபத்தோடு எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை; அது பௌர்ணமியை ஒட்டி ஏற்றப்படுவதால், அன்று நிலவே வானத்தை வெளுத்துவிடும்.

கடந்த பத்தாண்டுகளில் இரவின் நிறமே மாறியிருக்கிறது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் குறுகிய அலைநீளங்களுக்குள் அடங்கியது. அதை வெட்டி எறியும் வடிகட்டிகள் மலிவாகவே கிடைத்தன. 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்இடி தெருவிளக்குகள் பொருத்தப்பட்டன. மின்சாரச் சிக்கனத்தில் அது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், வெள்ளை எல்இடி விளக்கு எல்லா நிறங்களையும் கலந்து உமிழ்கிறது; அதிலுள்ள நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறுகிறது. ஹைட்ரஜன் முகிலுக்குக் குறுகிய வடிகட்டி ஓரளவு கைகொடுக்கும். கார்த்திகையைச் சூழ்ந்த தூசுப்படலத்துக்கு அதுவும் உதவாது. விண்மீன் ஒளியைப் பிரதிபலிக்கும் தூசுக்குத் தனி நிறம் கிடையாது. இருட்டைத் தவிர அதற்கு வேறு வடிகட்டி இல்லை.

மலைமேல் நின்று பார்த்தால் வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று நெடுஞ்சாலை நெடுகிலும் வெள்ளைக் கூடாரம் கட்டியதைப் போல அடிவானம் வெளுத்திருக்கிறது. இது நம் பகுதிக்கு மட்டும் நேர்ந்ததன்று. தன்னார்வலர்கள் வெறுங்கண்ணால் எண்ணிய விண்மீன் கணக்குகளைத் தொகுத்து 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 2011 முதல் 2022 வரை வானத்தின் வெளிச்சம் உலக அளவில் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூடியதாகக் கூறுகிறது. அதாவது, எட்டு ஆண்டுகளுக்குள் இரட்டிப்பு. ஒரு குழந்தை பிறந்தபோது 250 விண்மீன்கள் தெரிந்த ஊரில், அது பதினெட்டு வயதை எட்டும்போது நூறுதான் தெரியும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

மலைவாழ் மக்களின் குக்கிராமங்களுக்குச் சாலையும் மருத்துவமும் போதுமான அளவு எட்டாத நிலையில், அங்கே இருட்டைக் காப்பாற்றுங்கள் என்று சமவெளிக்காரன் கேட்பது அநியாயமாகத் தெரியலாம். பாம்புக்கடியும், இரவில் தனியாக நடந்துவரும் பெண்ணின் அச்சமும் கற்பனையல்ல. விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. என் வாதம் விளக்கின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பற்றியது. எங்கள் ஊரில் எந்த நெசவாளரும் தறிக்கு மேலே கட்டும் விளக்கைக் கூரையைப் பார்த்துத் திருப்பிக் கட்டுவதில்லை. வெளிச்சம் பாவின்மேல் விழ வேண்டும், கண்ணில் குத்தக் கூடாது. அதற்கு ஒரு தகரமோ அட்டையோ மறைப்பாகப் போதும். வீட்டுக்குள் நமக்குத் தெரிந்த இந்தச் சிக்கனத்தைத் தெருவுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

உயர்கோபுர மின்விளக்குகளைப் பாருங்கள். ஏதோ ஒரு நிதியில் வாங்கி, நாலு ரோட்டுச் சந்திப்பில் நிறுத்தி, நாளிதழில் படம் வரத் திறந்துவைக்கப்படும் அந்த விளக்குகளின் ஒளியில் கணிசமான பங்கு பக்கவாட்டிலும் மேலேயும் வீணாகிறது. கீழே நடப்பவரின் கண் கூசுகிறது. கூசிய கண்ணுக்கு, விளக்கின் எல்லைக்கு அப்பால் கிடக்கும் பாம்பும் பள்ளமும் முன்னைவிடக் குறைவாகவே தெரியும். மேல்நோக்கிப் போகும் ஒளிக்கும் சேர்த்துத்தான் ஊராட்சி மின்கட்டணம் கட்டுகிறது. பாதுகாப்பின் பெயரால் வாங்கப்படும் வெளிச்சம் உண்மையில் பாதுகாப்பைத் தருகிறதா என்று எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் கேட்டதாக நினைவில்லை.

பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களுக்காக ஊரே விளக்கை மாற்ற வேண்டுமா என்ற கேள்வியும் வரும். அந்தப் பொழுதுபோக்கு அறிவியலுக்குத் தந்ததைச் சொல்ல ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் வானில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பொருள்களில் ஒன்று. அதன் அருகிலேயே நீண்டு வளைந்த ஆக்சிஜன் முகில் ஒன்று இருப்பதை 2022 வரை எந்தப் பெரிய ஆய்வகமும் கவனிக்கவில்லை. பிரான்சின் யான் சென்டி, சேவியர் ஸ்ட்ராட்னர், ஜெர்மனியின் மார்சல் டிரெக்ஸ்லர் ஆகிய ஆர்வலர்கள், 106 மி.மீ. விட்டமே கொண்ட தொலைநோக்கியில் நூறு மணி நேரத்துக்கும் மேல் ஒளியைச் சேகரித்து அதைக் கண்டார்கள். 2023 ஜனவரியில் அது ஆய்விதழில் வெளியானது. பரந்த, மங்கலான பொருள்களில் சிறு கருவிக்கு இன்னும் இடம் இருக்கிறது. நேரமும் இருட்டும்தான் முதலீடு. தென்வானத்தில் அப்படித் தேடப்படாத பரப்பு மிச்சம் இருக்கும்போது, வேலூரிலோ திருப்பத்தூரிலோ படிக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு அந்த வாய்ப்பு ஒரு மலைப்பாதைத் தொலைவில்தான் இருக்கிறது, இருட்டு மிச்சம் இருக்கும்வரை.

பூமியைத் தாழ்வாகச் சுற்றும் இணையச் செயற்கைக்கோள்கள் வேறு ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. அவை படத்தில் இழுக்கும் கோடுகளை நாங்கள் அடுக்கும்போது கணினி பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. அது உலக நாடுகள் கூடித் தீர்க்க வேண்டிய விவகாரம். தெருவிளக்கு நம் கையில் இருப்பது.

காற்றுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டம், தண்ணீருக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம், ஒலிக்கு 2000ஆம் ஆண்டு விதிகள் என்று வைத்திருக்கும் நம் நாட்டில், ஒளி மாசுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஸ்பெயின் 1988லேயே கேனரித் தீவுகளின் வானாய்வகங்களுக்காக வானத்தைக் காக்கும் சட்டம் இயற்றியது. ஹான்லேயில் அதற்கும் காத்திருக்கவில்லை. வானாய்வகத்தை மையமாக வைத்து 22 கிலோமீட்டர் ஆரத்துக்கு எல்லை வகுத்தார்கள். விளக்குகளுக்கு மறைப்பும் வீடுகளுக்குக் கனத்த திரைச்சீலையும் கொடுத்தார்கள். உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி அளித்துத் தொலைநோக்கிகளைக் கையில் தந்தார்கள். இன்று வானம் பார்க்க வரும் பயணிகளின் பணம் அந்தக் கிராமங்களின் தங்கும் இல்லங்களுக்குப் போகிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஜவ்வாது மலையில், அவர்களின் கிராம சபைகளோடு பேசி, அவர்களுக்கு வருமானம் தரும் வகையில் இதைச் செய்ய முடியும். அவர்களைக் கேட்காமல் மேலிருந்து அறிவித்தால், வனத்துறையின் இன்னொரு தடை என்றே அவர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். அந்தச் சந்தேகத்துக்கு அவர்களிடம் நியாயமும் இருக்கும்.

கொல்லிமலைப் பூங்காவுக்கு எடுக்கும் முயற்சியைக் காவலூருக்கும் நீட்டிக்க, திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் ஆகிய மூன்று மாவட்ட நிர்வாகங்களும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் ஒரே மேசையில் அமர வேண்டும். மலையின் மேற்கு ஒரு மாவட்டம், கிழக்கு இன்னொரு மாவட்டம் என்று கோப்பு அலையக் கூடாது. புதிதாக வாங்கும் தெருவிளக்குகள் கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும்படி மூடியவையாக, 3000 கெல்வினுக்கு மேற்படாத இளமஞ்சள் நிறத்தவையாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் இரண்டு வரி சேர்ப்பதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. எரிந்துபோன விளக்கை மாற்றும்போது இந்த வகையையே மாற்றினால், கூடுதல் செலவும் சொற்பமே. முதல் கட்டமாக ஆலங்காயம் முதல் ஜமுனாமரத்தூர் வரையிலான மலைச்சாலை விளக்குகளை எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலம் முடிந்து தை அமாவாசை வருவதற்குள் அதை முடிக்க முடியும்.